பன்னிரண்டாவது அட்டை: தனியாக வாழும் ஓர் ஆச்சி, ஒரு கைப்பேசி ஆட்டம், 74,300 ரூபாய்

காரைக்குடி வட்டாரத்தில் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஆலோசனைப் பணியில் வந்த நிகழ்வு இது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரும் சில உறவு விவரங்களும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டுள்ளன. தொகைகளை மாற்றவில்லை. ஆட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை, அதே அமைப்பில் இன்னும் பல ஆட்டங்கள் இருக்கின்றன.

பின்னணி

ஆச்சிக்கு வயது 68. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் சென்னையில் இருக்கிறார், மகள் அமெரிக்காவில். மகள் வயிற்றுப் பேரன் அங்கேயே கல்லூரியில் படிக்கிறான். நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில் ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர் ஆச்சி ஒருவர்தான். மற்றவர்கள் கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவு விழா), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் வந்து கூடுவார்கள், முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். சமையலுக்கு வரும் அம்மா சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்விடுவார். முகப்புக் கதவைத் தாழ் போட்டுவிட்டால் விடியும் வரை வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மாத வருமானம் வைப்புத்தொகை வட்டியாகச் சுமார் 24,000 ரூபாய். கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர். மகள் கல்யாணத்து மொய்ப்பண ஏடும் சாமான் சிட்டையும் (பெண்ணுக்குக் கொடுத்த சீர்ப்பொருள்களின் பட்டியல்) இன்னும் பெட்டியில் இருக்கின்றன. கேட்ட உடனே எடுத்துக் காட்டினார்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்த பேரன், ஆயாவின் (அம்மாவைப் பெற்ற பாட்டியை அவன் அழைப்பது அப்படி) போனில் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஊர் திரும்பிய பிறகும் இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் என்பது அவன் எண்ணம். அது நடக்கவும் செய்தது. இங்கே காலை ஆறு மணிக்கு அங்கே முந்தைய நாள் இரவு எட்டரை. வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து ஆச்சி பட்டாலையில் (வீட்டுக்குள் உள்ள திண்ணைக் கூடத்தில்) உட்கார்ந்தால், அவன் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பான்.

ஆட்டம்

கதைப்படி நாம் ஓர் இளவரசி. கையில் வாள் இல்லை, அட்டைக்கட்டு மட்டும் உண்டு. அட்டையை வீசினால் அதிலிருந்து ஒரு விலங்கு புறப்பட்டுச் சண்டை போடும். நெருப்பு, நீர், மரம், மண் என்று இனங்கள் இருக்கின்றன. எந்த இனம் எதை வெல்லும் என்று பார்த்து அட்டைக்கட்டை அடுக்க வேண்டும். ஒரே அட்டை இரண்டாவது தடவை வந்தால் முதல் அட்டையோடு கலந்து வலுவேற்றலாம். நன்றாகச் செய்யப்பட்ட ஆட்டம் என்பது என் கருத்து. ஆச்சியின் கட்டையும் பார்த்தேன். மண் இன விலங்குகளை முன்னால் நிறுத்தி, நீர் இனத்தைக் கடைசிவரை கையில் பிடித்து வைத்திருந்து ஆடுகிறார். யோசித்து அடுக்கிய கட்டு அது.

இந்த வகை ஆட்டம் புதிதல்ல. காசு கொடுத்து உறை வாங்கி, உள்ளே என்ன அட்டை இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் அட்டை விளையாட்டு பரப்பியது. 2002-இல் கேம்கியூப் என்னும் நிண்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘லாஸ்ட் கிங்டம்ஸ்’ ஆட்டத்திலும் ஓர் இளவரசி விலங்கு அட்டைகளை வீசித்தான் சண்டை போடுவாள். அந்த வட்டை ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் எல்லா அட்டைகளும் அதற்குள்ளேயே இருந்தன, தேடி எடுப்பது மட்டும் நம் வேலை. ஆச்சியின் போனில் இருப்பதில் விளையாட்டு இலவசம், அட்டைக்குக் காசு. காசும் நேராகப் போவதில்லை. ரூபாய் கொடுத்து ரத்தினக்கல் வாங்க வேண்டும், கல்லைக் கொடுத்து அட்டை இழுக்க வேண்டும். 449 ரூபாய்க்கு 330 கல். ஓர் இழுப்புக்கு 30 கல், பத்து இழுப்பு சேர்த்தால் 300. பத்துப் பத்தாக இழுத்தால் 30 கல் மிஞ்சும்படி கட்டி வைத்திருக்கிறார்கள்.

குடும்பம் கண்டது

பொது வீட்டின் ஓடு மாற்ற ஆடி மாதம் பங்காளிகள் பணம் பிரித்தார்கள். அதுவரை ஒரு தடவைகூடத் தவணை தவறாத ஆச்சி, அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். சந்தேகப்பட்ட மகன் வங்கிக் கணக்கை வாங்கிப் பார்த்தார். மார்ச் முதல் ஜூலை வரை ரீசார்ஜ் கோடு (முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி, செயலிக் கடையில் இருப்பாகச் சேர்க்கும் எண்) வாங்கியதாக வரிசையாகப் பதிவுகள். கூட்டினால் 74,300 ரூபாய்.

யாரோ ஆத்தாவை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். முதியவர்களுக்குப் போன் செய்து ரீசார்ஜ் கோடு வாங்க வைத்துப் பறிப்பது நடக்கிற மோசடிதான், அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யத் தயாரானார். அதற்குள் ஆச்சியே சொல்லிவிட்டார்: “யாரும் ஏமாத்தல. நாந்தான் அட்டை வாங்குனேன்.”

குடும்பம் இதற்குத் தயாராக இல்லை. ஏமாந்தார் என்றால் பரிதாபப்பட்டிருப்பார்கள், தானே செலவழித்தார் என்றதும் கோபம் வந்தது. போனைப் பிடுங்குவது, கணக்கை மகன் கையில் எடுப்பது, வீட்டைப் பூட்டிவிட்டு ஆச்சியைச் சென்னைக்கு அழைத்துப் போவது என்று மூன்று யோசனைகள் ஒரே நாளில் வந்தன. மகள் மட்டும், ஒருவரைப் பேசிப் பார்க்கச் சொல்லலாம் என்றார். அப்படித்தான் எனக்கு அழைப்பு வந்தது.

நான் போன அன்று ஆச்சி காபி கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்: “எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லுறாகளா?”

கவனித்தவை

அந்தக் கேள்வியை ஒதுக்காமல் முதலில் அதற்கே பதில் தேடினோம். வயதான காலத்தில் செலவுப் பழக்கம் திடீரென மாறினால் உடல் காரணங்களை முதலில் விலக்க வேண்டும். மறதிநோயில், குறிப்பாக மூளையின் முன்பகுதி பாதிக்கப்படும் வகையில், நினைவு கெடுவதற்கு முன்பே கட்டுப்பாடு குலையக்கூடும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலரிடம் சூதாடும், வாங்கிக் குவிக்கும் உந்துதலை உண்டாக்குகின்றன. ஆச்சி சாப்பிடுவது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் மட்டுமே. மருத்துவரிடம் அனுப்பிப் பார்த்ததில் நினைவும் தீர்மானத் திறனும் சரியாக இருந்தன. 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலிலும் மனச்சோர்வு என்று சொல்லும் மதிப்பெண் வரவில்லை. “அடிக்கடி துணையில்லாமல் இருப்பதாகத் தோன்றுகிறதா” என்று தனியாகக் கேட்டபோது ஆச்சி பதில் சொல்லவில்லை, வளவை (வீட்டின் உள்முற்றத்தை) சுற்றிப் பார்த்தார்.

அடுத்தது நேரம். வங்கிக் கணக்கில் தெரிவது கோடு வாங்கிய தேதி மட்டும். கல் எப்போது வாங்கினார் என்பது அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாங்கலுக்கும் ரசீது ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. போன் வாங்கிய அன்று பேரன் திறந்து வைத்த முகவரி அது. அதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆச்சியின் அனுமதியோடு அதைத் திறந்து ரசீதுகளை மணிவாரியாகப் பிரித்தோம்.

பேரனோடு ஆடும் காலை நேரத்தில் ஒரு ரசீதுகூட இல்லை. பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில். ஆட்டத்தில் ஆச்சி சேர்ந்திருந்த குழுவின் போர் இரவு பதினொன்றரைக்கு முடியும். நள்ளிரவோடு அன்றைய சலுகையும் காலாவதியாகும். வைகாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காக வீடு நிறைய ஆட்கள் இருந்த மூன்று வாரங்களில் ஒரு ரூபாய் செலவில்லை. அந்த நாட்களிலும் காலையில் ஆடியிருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு நோட்டு. ஆச்சி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்: தேதி, இழுப்பு எண்ணிக்கை, வந்த அட்டை, போன கல், மிச்சக் கல். ஒரு பிழை இல்லை. ரூபாய்க்கு மட்டும் பத்தி கிடையாது. கோடு வாங்கும்போது ஒரு தடவை ரகசிய எண் போடுவார், அது வேறு நாள். அதன்பின் இருப்பிலிருந்து கல் வாங்கக் கைரேகை போதும். பணம் கையைவிட்டுப் போகும் நேரமும் அட்டை கைக்கு வரும் நேரமும் வேறு வேறாக இருந்ததால், அவர் கணக்கில் கல்தான் நாணயமாக நின்றது.

நோட்டைப் புரட்டியபோது செலவின் தொடக்கமும் தெரிந்தது. ஜனவரி, பிப்ரவரியில் ஒரே ஒரு 89 ரூபாய். மார்ச்சில் “பன்னிரு காவல் விலங்குகள்” என்று ஒரு வரிசை வந்தது. பன்னிரண்டையும் சேர்த்தால் வேறு எங்கும் கிடைக்காத பதின்மூன்றாவது அட்டை பரிசு. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளி, பித்தளை, மங்கு (பீங்கான் பூச்சுப் பாத்திரம்), எவர்சில்வர் என்று எதுவும் வரிசையாக இருக்க வேண்டும், டஜனில் ஒன்று குறைந்தால் அது சாமானில் சேராது. அந்தக் கண்ணோடு வளர்ந்தவர் முன்னால் பதினொன்று நிரம்பி ஒன்று காலியான பலகையைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பலகையின் கணக்கை இங்கே போட்டே ஆக வேண்டும். வரிசை அட்டை விழும் வாய்ப்பு 4 சதவீதம் என்று ஆட்டமே ஒரு மூலையில் அறிவித்திருந்தது. பன்னிரண்டும் சம வாய்ப்புள்ளவை. அப்படியானால் பன்னிரண்டையும் சேர்க்கச் சராசரியாக 37 வரிசை அட்டைகள் விழ வேண்டும், ஏனென்றால் பாதிக்கு மேல் வந்ததே திரும்ப வரும். கடைசி ஓர் அட்டைக்கு மட்டும் சராசரியாக 12 விழ வேண்டும். 4 சதவீத வாய்ப்பில் 37 என்றால் ஏறத்தாழ 930 இழுப்பு. இழுப்பு ஒன்றுக்குச் சுமார் 41 ரூபாய் என்று வைத்தால் 38,000. மொத்தச் செலவில் இந்த வரிசைக்கு மட்டும் ஆச்சிக்கு ஆனது 36,500. அதில் பன்னிரண்டாவது அட்டைக்கு மட்டும் 11,900. அவருக்கு அதிர்ஷ்டம் கெட்டிருக்கவில்லை, ஆட்டம் எதிர்பார்த்த செலவைத்தான் செய்திருக்கிறார்.

ஜப்பானில் இதே அமைப்பு கைப்பேசி ஆட்டங்களில் பரவியபோது, வரிசை முடித்தால் பரிசு என்னும் இந்த வகையைச் சட்டவிரோதம் என்று அந்நாட்டு நுகர்வோர் முகமை 2012-இல் அறிவித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்க வைக்கும் மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் என்று பெல்ஜியம் 2018-இல் முடிவெடுத்தது. இந்தியாவில் 2025-இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இங்கே ஜெயித்துப் பணமாக்க எதுவும் இல்லை. ஆகவே புகார் கொடுப்பதில் பலன் இருக்காது என்று மகனிடம் தெளிவாகச் சொன்னோம்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

போனைப் பிடுங்க வேண்டாம் என்பது முதல் முடிவு. பேரனோடு பேச்சு நடப்பது அந்தக் காலை ஆட்டத்தில்தான். வாரம் ஒரு தடவை வீடியோ அழைப்பில் “சாப்பிட்டீகளா ஆயா” என்பதைத் தாண்டாத பையன், ஆட்டத்தின்போது தன் பரீட்சை, அறைத் தோழன், சண்டை எல்லாம் சொல்கிறான். செலவு அந்த நேரத்தில் நடக்கவில்லை என்று ரசீதுகள் காட்டிய பிறகு, அதை வெட்டுவதற்கு நியாயம் இல்லாமல் போனது. சொந்தப் பணத்தை நிதானத்தோடு செலவழிக்கும் ஒருவரின் கணக்கைப் பிள்ளைகள் கையில் எடுப்பதற்கும் காரணம் இல்லை.

இரண்டாவது, நோட்டில் ரூபாய்ப் பத்தி. ஆச்சியே போட வேண்டும், பழையதற்கும் சேர்த்து. ரசீதுகளை நான் வாசிக்க, அவர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினார். பன்னிரண்டாவது அட்டைக்கு எதிரே 11,900 என்று எழுதிவிட்டு, கூட்டலை இரண்டாம் முறை சரி பார்த்தார். கருத்து எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது, வாங்கும் வழியைக் கடினமாக்குவது. கைரேகை அனுமதியை நீக்கி ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்தோம். கோடாக வாங்கி இருப்பு வைப்பதில்லை என்று முடிவானது. மாதாந்தரச் சலுகைச் சீட்டு ஒன்று யுபிஐ தானியங்கி முறையில் 299 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த முறையில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தவணைக்கும் ரகசிய எண் கேட்காது, ஆட்டத்தை அழித்தாலும் பிடித்தம் நிற்காது. பணச் செயலிக்குள் போய் அனுமதியை ரத்து செய்ய வேண்டும், செய்தோம். கூகுள் பிளேயில் மாத வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அது எச்சரிக்கும், தடுக்காது. அதை நம்பி இருக்க முடியாது என்பதால் கூடுதலாகத்தான் வைத்தோம். 48 மணி நேரத்துக்குள் நடந்த இரண்டு வாங்கல்களுக்குப் பணம் திரும்பக் கேட்டோம், 1,348 ரூபாய் வந்தது. அதற்கு முந்தையவை போனது போனதுதான்.

நான்காவது, குழு மாற்றம். ஆச்சி இருந்த குழுவில் வாரம் இத்தனை புள்ளி எடுக்காதவரை நீக்குவார்கள். முகம் தெரியாத அந்த முப்பது பேரிடம் பெயர் கெடக் கூடாது என்பதற்காகவும் கொஞ்சம் செலவு நடந்திருந்தது. விஷயம் அதுவரை பேரனுக்குத் தெரியாது. சொன்னதும் பயந்துபோனான், தன்னால் வந்தது என்று அழுதான். அவனே தன் நண்பர்கள் இருவரைச் சேர்த்து நால்வர் மட்டும் உள்ள சின்னக் குழு ஒன்றைத் தொடங்கினான். அங்கே போர் கிடையாது.

இவற்றுக்கு நடுவே, திட்டமிடாத ஒன்று நடந்தது. “நான் போன பொறகு இந்த அட்டையெல்லாம் பேரனுக்குப் போகுமில்ல?” என்று ஆச்சி கேட்டார். விதிமுறைகளைத் திறந்து வாசித்துக் காட்டினேன். அட்டைகள் வாங்கியவரின் சொத்து அல்ல, பயன்படுத்த மட்டும் அனுமதி. கணக்கை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. நிறுவனம் ஆட்டத்தை நிறுத்தினால் எல்லாம் போகும். இந்த வகை ஆட்டங்களில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும். ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இது சாமான் இல்ல. வாடகை” என்றார். மற்ற நான்கு முடிவுகளையும் சேர்த்து எடைபோட்டாலும் இந்த ஒரு பதிலுக்குத்தான் பலன் அதிகம் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த ஆறு மாதம்

ஆகஸ்டில் செலவு 449 ரூபாய். செப்டம்பரில் இல்லை. ஓடு மாற்றுவதற்கான பங்குப் பணத்தை மகன் கட்டுவதாகச் சொன்னதை ஆச்சி ஏற்கவில்லை. சின்ன வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்து, வட்டி நட்டத்தோடு கட்டினார். அந்த நட்டத்தையும் அதே நோட்டில், அட்டைச் செலவின் கீழ் எழுதினார்.

தீபாவளியை ஒட்டிப் புது வரிசை வந்தது, இம்முறை எட்டு அட்டை. இரண்டு ராத்திரியில் 4,200 ரூபாய் போனது. மகன் வருவதாகச் சொல்லியிருந்து கடைசி நேரத்தில் வரவில்லை. ஐந்து அட்டை சேர்ந்த நிலையில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை ஆச்சியே எனக்குப் போன் செய்தார். மகனுக்குத் தெரிய வேண்டாம் என்றார். ஆபத்தான தொகை இல்லை என்பதால் சம்மதித்தேன். மகளிடம் அவரே சொன்னார். அந்த வரிசை இன்னும் அரைகுறையாகத்தான் நிற்கிறது. அதன் பிறகு ஜனவரி வரை செலவு இல்லை.

இரவுக்கு என்ன மாற்று என்பதில் நாங்கள் எதிர்பார்த்த அளவு எதுவும் கைகூடவில்லை. ஒன்பது மணிக்கு மகள் அழைப்பது என்று வைத்தோம். இரண்டே வாரத்தில் அது “இன்னிக்கு வாங்குனீகளா” என்ற விசாரணையாக மாறியதால் ஆச்சி எடுப்பதை நிறுத்தினார். கோயிலில் நடக்கும் பாராயணத்துக்குப் போகச் சொன்னோம். அது ஏழரைக்கே முடிந்துவிடுகிறது, பிரச்சினை பத்து மணிக்குத் தொடங்குவது. இப்போது இரவில் ஆட்டத்தின் கதைப் பகுதியை மட்டும் ஆடுகிறார். அதில் கடைத் திரை குறுக்கிடுவது குறைவு. தூக்கம் முன்போல்தான், நள்ளிரவுக்கு மேல்.

மகளின் அழைப்பு இப்போது ஞாயிறு காலைக்கு மாறியிருக்கிறது. ஒரு தடவை அவர் எந்த விலங்கு நல்லது என்று கேட்க, ஆச்சி அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். மகனுக்குக் கோபம் தணியவில்லை. “காசு போனதுகூடப் பரவால்ல, சின்னப் பிள்ள மாதிரி இதுல போய்” என்பது அவர் வார்த்தை. கோயிலுக்கோ உறவுக்காரர் கல்யாணத்துக்கோ இதே தொகை போயிருந்தால் இந்த வழக்கு என்னிடம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன்.

இனி மாற்ற வேண்டியவை

குடும்பத்தைக் கூட்டிப் பேசும் முன் ரசீதுகளின் நேரக் கணக்கு கையில் இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் முன்னால் இருந்தபோது பேச்சு எல்லாம் போனைப் பிடுங்குவதிலேயே நின்றது. மணி தெரிந்த பிறகுதான் காலை ஆட்டமும் இரவுக் கடையும் இரண்டு வேறு விஷயங்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ரசீது போகும் மின்னஞ்சல் எது, யார் பார்க்கிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்கலாம்.

பேரனை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்று குடும்பத்தார் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். ஆட்டத்தை உள்ளபடி அறிந்தவன் அவன் ஒருவன்தான். குழு மாற்றம் ஒரு மாதம் முன்பே நடந்திருக்கும்.

முதியவருக்குப் போனில் ஆட்டம் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகள் அன்றே கடவுச்சொல் அமைப்பையும் செய்துவிட்டுப் போகலாம். பத்து நிமிட வேலை. சொத்துரிமை விதியையும் அப்போதே சொல்லலாம். ஆச்சியிடம் அதை முதல் மாதமே யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் பன்னிரண்டு விலங்குகளுக்கு அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று தெரியவில்லை.

சென்னைக்குக் குடிபோகும் பேச்சு இன்னும் முடியவில்லை. மாசியில் படைப்புக்கு எல்லோரும் வரும்போது பேசிக்கொள்வதாக மகன் சொல்லியிருக்கிறார். வீட்டைப் பூட்டினால் ஓடு மாற்றிய செலவில் தன் பங்கு என்ன ஆகும் என்று ஆச்சி பங்காளிகளிடம் விசாரித்து வைத்திருக்கிறார்.